மூன்று மாத ஊசியும் மூளைக் கட்டி வழக்கும்: சென்னையிலிருந்து பார்த்தால்

'கருத்தடை ஊசி போட்டால் மூளையில் கட்டி வரும், அமெரிக்காவில் வழக்கு நடக்கிறது.' இப்படி ஒரு வரி கைபேசிக்குக் கைபேசி போய்க்கொண்டிருக்கிறது. வரியில் பொய் இல்லை. ஆனால் எந்த ஊசி, என்ன கட்டி, எத்தனை பேரில் ஒருவருக்கு, வழக்கு எதைப் பற்றி என்ற நான்கு கேள்விக்கும் அதில் பதில் இல்லை. பதில் தெரியாமல் ஒரு பெண் பயந்துபோய் அடுத்த தவணையை விட்டுவிட்டால், சில மாதங்களில் அவர் வேண்டாத கர்ப்பத்தோடு நிற்கும் வாய்ப்பே அதிகம். அதனால் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எந்த ஊசி?

மருந்தின் பெயர் டெப்போ மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் அசிட்டேட். சுருக்கமாக டிஎம்பிஏ. உடலில் இயல்பாகச் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போல வேலை செய்யும்படி தயாரிக்கப்பட்டது. இந்த வகை மருந்துகளுக்குப் பொதுப்பெயர் புரோஜெஸ்டின். 150 மில்லிகிராம் அளவைத் தசையில் போட்டால் அது மெதுவாகக் கரைந்து மூன்று மாதம் ரத்தத்தில் இருக்கும். அந்தக் காலத்தில் கருமுட்டை வெளியாவது நிற்கும், கருப்பை வாயின் சளி கெட்டியாகும், கருப்பையின் உள்படலம் மெலியும்.

நம் ஊரில் இதைப் பெரும்பாலும் 'மூணு மாச ஊசி' என்றே சொல்கிறார்கள். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மகப்பேறு மருத்துவமனைகளிலும் 'அந்தரா' என்ற பெயரில் இலவசமாகப் போடப்படுவது இதே மருந்துதான். தனியார் மருத்துவமனைகளில் ஃபைசரின் டெப்போ புரோவெரா, வேறு நிறுவனங்களின் ஊசிகள் என்று கிடைக்கிறது. பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது ஒன்றே. அமெரிக்க வழக்கு டெப்போ புரோவெரா மீது. ஆனால் மருத்துவக் கேள்வி மூலப்பொருளைப் பற்றியது என்பதால், அந்தரா போடுபவருக்கும் அது பொருந்தும்.

கட்டிச் செய்திக்கு முன்பே தெரிந்திருந்தவை

இந்த ஊசி 1992 அக்டோபரில் அமெரிக்காவில் கருத்தடைக்காக அனுமதி பெற்றது. இந்தியாவில் தனியார் விற்பனைக்கு 1993இல் அனுமதி கிடைத்தது. இத்தனை வருடப் பயன்பாட்டில் பின்வருபவை உறுதியாகத் தெரிந்தவை.

1. மாதவிடாய் ஒழுங்கு மாறும். முதல் சில மாதங்கள் திட்டுத்திட்டாகப் படும், அப்புறம் பலருக்கு நின்றே போகும். ஒரு வருடம் போட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மாதவிடாய் வருவதில்லை. இதில் ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்லப்படாத பெண், நின்றுபோன மாதவிடாயைக் கர்ப்பம் என்றோ நோய் என்றோ நினைத்து அல்லாடுகிறார். ஊசியைப் பாதியில் விடுபவர்கள் பலரும் விடுவது இதனால்தான்.

2. கருத்தரிக்கும் திறன் தாமதமாகத் திரும்பும். கடைசி ஊசியிலிருந்து சராசரியாகப் பத்து மாதம் வரை ஆகலாம். இது நிரந்தர மலட்டுத்தன்மை அல்ல. ஆனாலும் ஆறு மாதத்தில் குழந்தை வேண்டும் என்று நினைப்பவருக்கு இந்த ஊசி பொருத்தமில்லை.

3. எலும்பின் அடர்த்தி குறையும். 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இதற்காக மருந்தோடு வரும் விவரச் சீட்டில் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையைச் சேர்க்க வைத்தது. வேறு முறை ஒத்துவந்தால் இரண்டு வருடத்துக்கு மேல் போட வேண்டாம் என்பது அதன் சாரம். ஊசியை நிறுத்திய பின் அடர்த்தி பெருமளவு மீள்கிறது. உலக சுகாதார நிறுவனம் 18 முதல் 45 வயது வரையிலான பெண்களுக்கு இதை வைத்துக் கால வரம்பு விதிக்கவில்லை.

4. சிலருக்கு எடை கூடும். மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், மிக அதிக ரத்த அழுத்தம் உள்ளவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

நன்மைகளையும் சொல்ல வேண்டும். சரியான தேதியில் போட்டால் ஆயிரம் பெண்களில் ஓரிருவர்தான் ஒரு வருடத்தில் கருத்தரிக்கிறார்கள். தேதி தவறுவதையும் சேர்த்த அமெரிக்கக் கணக்கு நூற்றுக்கு நான்கு. அதே கணக்கில் மாத்திரைக்கு ஏழு, ஆணுறைக்குப் பதின்மூன்று. கருப்பை உள்படலப் புற்றுநோயிலிருந்து இந்த ஊசி பாதுகாப்பும் தருகிறது. கணவருக்கோ மாமியாருக்கோ தெரியாமல் போட்டுக்கொள்ள முடிவதால் பல பெண்கள் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதை லேசான காரணமாக நினைக்கக் கூடாது.

மெனிஞ்சியோமா என்றால் என்ன?

மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கும் சவ்வில் வளரும் கட்டி இது. மூளையின் திசுவில் வளர்வதில்லை, வெளியிலிருந்து அழுத்துகிறது. பத்தில் எட்டு புற்றுநோய் அல்லாதவை, மெதுவாக வளர்பவை. பல பேருக்கு வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவருகிறது. ஆனால் 'புற்றுநோய் அல்ல' என்பதை 'ஒன்றுமில்லை' என்று படிக்கக் கூடாது. மண்டை ஓட்டுக்குள் இடம் கொஞ்சம்தான். கட்டி வளர்ந்தால் பார்வை நரம்பை அழுத்தும், வலிப்பு வரும், மண்டையைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவரும்.

ஊசிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மெனிஞ்சியோமா ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது. இந்தக் கட்டிகள் பலவற்றின் செல்களில் புரோஜெஸ்டிரோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. சைப்ரோடெரோன் என்ற இன்னொரு புரோஜெஸ்டினால் ஆபத்து கூடுவது ஏற்கெனவே பிரான்சில் நிரூபணமானது. அந்த மருந்தை நிறுத்தியதும் சிலருக்குக் கட்டி சுருங்கியிருக்கிறது. அப்படியானால் மற்ற புரோஜெஸ்டின்கள் எப்படி என்று தேடியதில்தான் நம் ஊசி மாட்டியது.

எண்களை எப்படிப் படிப்பது?

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. மூன்று ஆய்வுகளை வரிசையாகப் பார்ப்போம்.

1. 2024 மார்ச்சில் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த பிரெஞ்சு ஆய்வு. மெனிஞ்சியோமாவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 18,061 பெண்களையும், கட்டி இல்லாத 90,305 பெண்களையும் ஒப்பிட்டார்கள். இந்த ஊசி போட்டவர்களுக்கு ஆபத்து 5.55 மடங்கு என்று வந்தது. ஆபத்து கூடியது ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் போட்டதால்தான் என்றும் சொன்னார்கள். செய்திகள் சுமந்து வந்தது இந்த எண்ணைத்தான். ஆனால் ஊசி போட்டிருந்தவர்கள் எத்தனை பேர்? கட்டி உள்ள 18,061 பேரில் 9 பேர். இல்லாத 90,305 பேரில் 11 பேர். பிரான்சில் இந்த ஊசி அபூர்வம் என்பதால் இவ்வளவு சிறிய எண்ணிக்கை. அதனால்தான் ஆய்வாளர்களே உண்மையான மதிப்பு 2.27 மடங்குக்கும் 13.56 மடங்குக்கும் நடுவே எங்கும் இருக்கலாம் என்று வரம்பு போட்டார்கள். திசை தெளிவு, அளவு தெளிவில்லை என்று இதைப் படிக்க வேண்டும்.

2. அதே 2024இல் அமெரிக்கக் காப்பீட்டுத் தரவை வைத்து வந்த ஆய்வு. அதில் ஊசிக்கான ஆபத்து 1.53 மடங்கு.

3. 2025 செப்டம்பரில் ஜாமா நியூராலஜி இதழில் வந்த அமெரிக்க ஆய்வு. அதில் 2.43 மடங்கு. நான்கு வருடத்துக்கு மேல் போட்டவர்களிடமும், 31 வயதைத் தாண்டித் தொடங்கியவர்களிடமும்தான் ஆபத்து கூடுவது தெரிந்தது.

மூன்றும் ஒரே திசையில் கை காட்டுகின்றன. அளவு வேறுபடுவதற்குக் காரணம், ஒவ்வொன்றும் எண்ணியது வேறு வேறு. முதல் ஆய்வு அறுவை சிகிச்சை வரை போன கட்டிகளை மட்டும் எண்ணியது.

இப்போது 'மடங்கு' என்ற சொல்லுக்கு வருவோம். மடங்கு என்பது ஒப்பீடு. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரின் ஆபத்தைச் சொல்ல முடியாது. மிக அரிதான ஒன்று இரண்டு மடங்கானாலும் அரிதாகவே இருக்கும். ஜாமா நியூராலஜி ஆய்வு இதை நேரடியாகக் கணக்கிட்டது: ஊசி போட்ட 1,152 பெண்களுக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதலாக ஒரு மெனிஞ்சியோமா. மற்ற 1,151 பேருக்கு ஊசியால் கட்டி இல்லை.

இதைப் படித்துவிட்டு நிம்மதி அடையலாமா? பாதி அடையலாம். ஒருமுறை இருமுறை போட்டு நிறுத்தியவருக்குப் பெரிய கவலை தேவையில்லை. ஆனால் ஒரு மாநகரம் முழுக்க, ஒரு நாடு முழுக்கப் போடும்போது ஆயிரத்தில் ஒன்று என்பது உயிருள்ள பல பெண்கள். அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டுமா என்பதே வழக்கு.

அமெரிக்க நீதிமன்றத்தில் நடப்பது

ஃபைசர் மீதான வழக்குகளை 2025 பிப்ரவரியில் ஒன்றாகத் திரட்டி, ஃபுளோரிடா வடக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில், பென்சகோலாவில், நீதிபதி கேசி ராட்ஜர்ஸிடம் ஒப்படைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பு என்ற முறை இது இல்லை. பொதுவான கேள்விகளை ஓரிடத்தில் விசாரிக்கிறார்கள். அவரவர் வழக்கு அவரவருடையதாகவே நிற்கும். தான் ஊசி போட்டதையும், கட்டி இருந்ததையும் ஒவ்வொருவரும் தனித்தனியே ஆவணத்தால் காட்ட வேண்டும்.

வாதம் இரண்டு கால்களில் நிற்கிறது.

முதலாவது, எச்சரிக்கை தரத் தவறியது. மருந்து கெட்டது என்று இவர்கள் சொல்லவில்லை. கட்டி வரலாம் என்று நிறுவனத்துக்குத் தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டியும், சொல்லவில்லை என்கிறார்கள். ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு 2024 செப்டம்பரில் அதிக அளவு மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோனுக்கு மெனிஞ்சியோமா எச்சரிக்கை வேண்டும் என்றது. அடுத்த மாதம் பிரிட்டனும் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. அமெரிக்கச் சீட்டில் அது வந்தது 2025 டிசம்பரில்தான்.

இரண்டாவது, வடிவமைப்புக் குறை. தோலுக்கடியில் போடும் 104 மில்லிகிராம் ஊசி 2004லேயே அங்கே அனுமதி பெற்றுவிட்டது. குறைந்த அளவே போதுமென்றால் 150 ஏன் என்று கேட்கிறார்கள்.

ஃபைசரின் முக்கியக் கேடயம் வேறு. எச்சரிக்கை சேர்க்க நாங்களே எஃப்டிஏவிடம் கேட்டோம், அவர்கள்தான் மறுத்தார்கள், மறுக்கப்பட்டதைச் சீட்டில் எப்படி அச்சிடுவது என்கிறது. அங்கே மத்திய சட்டத்துக்கு முரணாக மாநிலச் சட்டப்படி இழப்பீடு கேட்க முடியாது. இந்தத் தற்காப்பு செல்ல வேண்டுமானால், 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வயத் எதிர் லெவின் வழக்கில் தந்த தீர்ப்புப்படி, எஃப்டிஏ நிச்சயம் மறுத்திருக்கும் என்பதற்குத் தெளிவான சான்று வேண்டும். 2019இல் மெர்க் எதிர் ஆல்பிரெக்ட் வழக்கு இன்னும் ஒரு படி போனது: எல்லாத் தகவலையும் முழுமையாக எஃப்டிஏ முன் வைத்துக் கேட்டதாக நிறுவனம் காட்ட வேண்டும், அதை நீதிபதியே தீர்மானிப்பார். கேட்ட விதமே சரியில்லை என்பது வாதிகளின் பதில்.

ஆக, அங்கே நடப்பது 'ஊசி நல்லதா கெட்டதா' என்ற பஞ்சாயத்து இல்லை. யாருக்கு எப்போது தெரிந்தது, தெரிந்ததை ஊசி போட்டுக்கொள்பவரிடம் யார் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான்.

இதே கேள்வியை இங்கே கேட்டவர்கள்

இந்தக் கேள்வி நமக்குப் புதிதில்லை. நெட்-என் என்ற இரண்டு மாதக் கருத்தடை ஊசிக்கான சோதனைக்கு ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் ஏழைப் பெண்களைச் சேர்த்தார்கள். போடப்படுவது சோதனை மருந்து என்பது அவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்று ஸ்திரீ சக்தி சங்கடனா உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் 1986இல் உச்ச நீதிமன்றம் போயின. 2000இல் வழக்கு முடிந்தபோது, ஆலோசனையும் தொடர் கவனிப்பும் இல்லாத இடங்களில் நெட்-என்னைப் பெருவாரியாகத் திணிக்க மாட்டோம் என்ற நிலைக்கு அரசு வந்தது.

டிஎம்பிஏ விஷயத்திலும் அதே எதிர்ப்பு. அதனால்தான் 1993இல் தனியாரிடம் வந்த ஊசி, அரசுத் திட்டத்துக்குள் வர இருபது வருடத்துக்கு மேல் ஆனது. மருந்துகளுக்கான தொழில்நுட்ப ஆலோசனைக் குழு 2015இல் ஒப்புக்கொண்ட பிறகு, 2017இல் அந்தரா வந்தது. பெண்கள் அமைப்புகள் அன்று சொன்னது மெனிஞ்சியோமாவைப் பற்றி அல்ல. வரிசையில் நிற்கும் பெண்ணிடம் உட்கார்ந்து பேச ஆளும் நேரமும் இல்லாத ஒரு சுகாதார அமைப்பில், உள்ளே போனால் மூன்று மாதம் எடுக்க முடியாத மருந்தைப் போடலாமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

எதிர்ப்பக்க நியாயமும் வலுவானது. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. இரண்டு பிள்ளை பெற்றதும் அறுவை என்பதே வழக்கமாகிப்போன இடத்தில், தற்காலிக முறை ஒன்று கூடுதலாக இருப்பது பெண்ணின் கையில் ஒரு தேர்வைத் தருகிறது. தேர்வை எடுத்துவிடுவது தீர்வாகாது, சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும்.

சென்னையில் சட்டம் என்ன தருகிறது?

முதலில், அமெரிக்க வழக்கில் இங்கிருந்து சேர முடியுமா? அங்கே வசித்தபோது அங்கேயே ஊசி போட்டவர் அந்த ஊர் வழக்கறிஞரைக் கேட்கலாம். இங்கே போட்ட ஊசிக்கு இங்குள்ள சட்டமே வழி. இழப்பீடு வாங்கித் தருகிறேன், கிடைப்பதில் பங்கு கொடுத்தால் போதும் என்று யாராவது விளம்பரம் செய்தால் விலகிவிடுங்கள். இந்தியாவில் வழக்கறிஞர் விளம்பரம் செய்வதும், இழப்பீட்டில் பங்கு பேசுவதும் பார் கவுன்சில் விதிகளுக்கு எதிரானவை.

சந்தையில் விற்கும் மருந்தால் தீங்கு வந்தால் தானாக இழப்பீடு தரும் திட்டம் இந்தியாவில் இல்லை. மருந்துச் சோதனையில் பங்கேற்றவர்களுக்கு மட்டுமே அப்படி விதிகள் உண்டு. எனவே இருப்பது இவைதான்:

1. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. இதன் 84ஆம் பிரிவு, போதுமான அறிவுறுத்தலோ எச்சரிக்கையோ இல்லாத பொருளுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. பணம் கொடுத்து ஊசி வாங்கியவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். இரண்டு வருடக் கெடு உண்டு, தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம்.

2. ஆனால் 87ஆம் பிரிவில் ஒரு பெரிய விலக்கு. நிபுணரின் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்த வேண்டிய பொருளுக்கு, அந்த நிபுணரிடம் தயாரிப்பாளர் எச்சரித்திருந்தால் போதும். அதாவது நிறுவனம் மருத்துவரிடம் சொல்லிவிட்டால் அதன் கடமை முடிகிறது, பந்து மருத்துவரிடம் போகிறது.

3. மருத்துவரின் கடமையை உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் சொன்னது: சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றைச் சொல்லி, நோயாளி புரிந்துகொண்டு தந்தால்தான் அது ஒப்புதல்.

4. அரசு நிலையத்தில் இலவசமாகப் போட்டுக்கொண்டவர் நிலை கடினம். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் இடம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பானது. உரிமையியல் நீதிமன்றமோ உயர் நீதிமன்ற ரிட் மனுவோதான் மிச்சம். இரண்டும் நீண்ட பாதை. பணம் கொடுத்தவருக்கு ஒரு சுலபமான வாசல் இருக்க, கொடுக்க இயலாதவருக்கு அது மூடியிருப்பது அநியாயம். இதைச் சட்டம்தான் சரிசெய்ய வேண்டும்.

எந்த வழியில் போனாலும் முதலில் கேட்கப்படுவது ஒரே விஷயம்: எந்த மருந்து, எந்தத் தேதிகளில், எத்தனை முறை. சென்னையில் பல பெண்களிடம் இதற்குப் பதில் இல்லை. 'ஊசி போட்டாங்க' என்பது மட்டுமே நினைவில் இருக்கும்.

இப்போது ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்

1. மெனிஞ்சியோமா இருப்பவர், முன்பு இருந்து அகற்றியவர் இந்த ஊசியைப் போடக் கூடாது. மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

2. பல வருடமாகப் போடுபவர் அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்: மாறாத அல்லது கூடிக்கொண்டே போகும் தலைவலி, பார்வை மங்கல் அல்லது இரட்டையாகத் தெரிவது, காது மந்தம், வாசனை தெரியாமல் போவது, வலிப்பு, கை கால் பலவீனம். இவற்றோடு போகும்போது 'இத்தனை வருடம் கருத்தடை ஊசி போட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாதவர் பயத்தில் எம்ஆர்ஐ எடுக்க ஓட வேண்டியதில்லை.

3. ஒவ்வொரு தவணையிலும் மருந்தின் பெயர், தொகுதி எண் (பேட்ச் நம்பர்), தேதி மூன்றையும் அட்டையில் எழுதி வாங்க வேண்டும். அந்தராவுக்கென்றே அட்டை உண்டு. தனியாரில் கொடுக்காவிட்டால் மருந்துப் பெட்டியைக் கைபேசியில் படம் எடுத்து வைக்கலாம்.

4. பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே நேரடியாகப் புகார் செய்யலாம். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் இதற்கான கண்காணிப்பு மையம் இருக்கிறது. பிரான்சில் தேசிய அளவிலான மருத்துவத் தரவு இருந்ததால்தான் அந்த ஒன்பது பெண்கள் கண்ணில் பட்டார்கள். நம் பெண்கள் கண்ணில் பட இந்தப் புகார்கள்தான் வேண்டும்.

5. வேறு முறைக்கு மாற நினைப்பவர், மாற்றை முடிவு செய்த பிறகே ஊசியை நிறுத்த வேண்டும். காப்பர்-டியில் ஹார்மோனே இல்லை, 380ஏ வகை பத்து வருடம் வரை வேலை செய்யும். லெவோநார்ஜெஸ்ட்ரல் கொண்ட கருப்பைக் கருவியில் பிரெஞ்சு ஆய்வு கூடுதல் ஆபத்து எதையும் காணவில்லை. ஊசியின் பாதுகாப்பு மூன்று மாதத்துக்குத்தான் உறுதி. தவணை தேதி தாண்டி நான்கு வாரம் வரை அடுத்த ஊசி போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கிறது. அதற்கும் மேல் போய்விட்டால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் எந்த முறையையும் தொடங்க வேண்டும். அதுவரை ஆணுறை.